ஸ்டாண்டர்ட் ஹெரால்டு – முன்பக்கம் நசுங்கிவிட்டது, சேசிஸை (அடிச்சட்டம்) காப்பாற்ற வழி இருக்கிறதா?

கேள்வி (திருச்சி)

அண்ணன்மார்களே, அவசர உதவி வேண்டும். எங்கள் வீட்டில் 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 2 இருக்கிறது, ரெண்டு கதவு கார். அப்பா புதிதாக வாங்கியது. எஞ்சினிலிருந்து சீட் ஃப்ரேம் வரை எல்லாம் கம்பெனியில் பூட்டியதுதான். போன மாதம் விராலிமலைக்கு முன்னால் குறுக்கு ரோட்டிலிருந்து ஏறிய டிப்பர் லாரி இடது முன்சக்கரத்தோடு சேர்த்து அடித்துவிட்டது. எனக்குப் பெரிய காயமில்லை.

பானெட் இடது பாதி மடங்கிவிட்டது. ரேடியேட்டர் பின்னால் தள்ளி ஃபேனில் உட்கார்ந்திருக்கிறது. இடது சக்கரம் பின்வாங்கி, கதவுக்கு முன்னால் கால் வைக்கும் பக்கத்துத் தகட்டில் போய் முட்டி நிற்கிறது. இடது கதவின் முன் இடைவெளி கீழ்ப்பக்கம் முழுக்க மூடிவிட்டது, திறக்கவே முடியவில்லை.

ஒரு பட்டறையில் காயலான் கடைக்குப் போடச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் முன் சேசிஸை வெட்டிவிட்டு வேறு வண்டியின் துண்டை வெல்டிங் வைக்கிறேன் என்கிறார்கள். ஐடிவி (இன்ஷூரன்ஸில் வண்டிக்குப் போட்ட மதிப்பு) 80,000 ரூபாய்தான், அதனால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் டோட்டல் லாஸ் (முழு இழப்பு) என்கிறார். வண்டியைப் பழையபடி ரோட்டில் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில் (மதுரை, டிங்கர் பட்டறை)

தம்பி, முதலில் யாரையும் கட்டிங் மெஷினை எடுக்க விடாதீங்க. இப்போ வர்ற கார் மாதிரி பாடியே சேசிஸா இருக்கிற வண்டி இல்லை இது. ஹெரால்டுக்கு அடியில் தனி சேசிஸ். அதுக்கு மேல பாடி துண்டு துண்டா போல்ட்டில் உட்கார்ந்திருக்கு. முன்பக்கம் முழுக்க பானெட்டும் மட்கார்டும் ஒரே தொகுதி, முன்னால் கீல் போட்டுத் தூக்குறது. கூரையைக்கூட போல்ட் கழட்டி எடுத்துடலாம். அதனால பார்க்கிறதுக்கு பயங்கரமா இருந்தாலும் இந்த வண்டியைத் திருப்பிக் கொண்டுவர முடியும். சேசிஸ் எவ்வளவு வளைஞ்சிருக்குங்கறதுதான் கேள்வி. அதைக் கண்ணால பார்த்துச் சொல்றவர் யாரா இருந்தாலும் நம்பாதீங்க.

சமமான சிமெண்ட் தரையில் நாலு பக்கமும் ஸ்டாண்ட் வெச்சு நிறுத்துங்க. கொத்தனார் தூக்குக்குண்டை எடுத்துக்கிட்டு, சேசிஸில் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற போல்ட் ஓட்டைகள்லேர்ந்து தரைக்கு இறக்கி சாக்பீஸ்ல புள்ளி வைங்க. முன் இடதுலேர்ந்து பின் வலது, முன் வலதுலேர்ந்து பின் இடது, இப்படிக் குறுக்கே அளந்தா ரெண்டும் ஒண்ணா வரணும். நடுவுல ஒரு நூல் கட்டி ஒவ்வொரு புள்ளியும் அதுலேர்ந்து எவ்வளவு தள்ளியிருக்குன்னும் எழுதுங்க. வீல்பேஸ் (முன்சக்கர நடுவுலேர்ந்து பின்சக்கர நடு வரைக்கும்) 91.5 இன்ச், அதாவது 2324 மில்லிமீட்டர். ரெண்டு பக்கமும் தனித்தனியா அளந்து இங்கே போடுங்க.

பதில் (சேலம்)

என்னிடம் வேறு யோசனை. அதே கம்பெனியின் ஸ்டாண்டர்ட் கெஸல் கார் சேசிஸ் ஒன்று கிடைத்தால் பாடியை அப்படியே அதன் மேல் இறக்கிவிடலாமே? நாளும் செலவும் மிச்சம்.

பதில் (சென்னை, ஹெரால்டு உரிமையாளர்)

சேலம் நண்பர் சொல்வதை ஏற்க முடியவில்லை. 1972இல் வந்த கெஸலில் பின்பக்கம் லைவ் ஆக்சில், அதாவது ரெண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கெட்டி அச்சு. ஹெரால்டில் ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்கும் ஸ்விங் ஆக்சில், குறுக்கே ஒரே பட்டா ஸ்ப்ரிங். அதை மாற்றினால் அது ஹெரால்டே இல்லை. அதோடு சேசிஸ் எண் போய்விடும். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதியில் சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. புதிதாக அந்தப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். அந்த நம்பரில் தினசரி ஓட்ட முடியாது. எனவே உடனே மாறச் சொல்லவில்லை, அந்த வாய்ப்பை இழந்துவிட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

திருச்சி தம்பிக்கு முக்கியமான ஒன்று. இடது முன் சஸ்பென்ஷனில் மேல் கீழ் ரெண்டு விஷ்போனுக்கும் (சக்கரத்தைத் தாங்கும் கைகள்) நடுவே நிற்கும் வெர்ட்டிகல் லிங்க்கை எக்காரணம் கொண்டும் நிமிர்த்திப் பூட்டாதீர்கள். அடி வாங்கிய லிங்க் வெளியே நேராகத் தெரிந்தாலும், அடியில் மரை இருக்கும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஓடும்போது ஒடிந்தால் சக்கரம் மடங்கி உள்ளே போய்விடும். லிங்க்கையும் அது திருகி உட்காரும் பித்தளை ட்ரன்னியனையும் ஜோடியாகப் புதிது போடுங்கள். இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு, கேட்கும்போது பக்கம் சொல்லி வாங்குங்கள். பிரிட்டனில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கும் இதே குடும்பத்து சஸ்பென்ஷன் என்பதால் அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பூட்டிய பிறகு அதில் கிரீஸ் அடிக்காமல் 90 கியர் ஆயில் விடுங்கள்.

ஸ்டியரிங் ரேக்கையும் (சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்) ஸ்டியரிங் தண்டையும் கழற்றிப் பாருங்கள். ரேக் நெளிந்திருந்தால் திருப்பும்போது ஓரிடத்தில் இறுகும்.

பதில் (கோவை, இன்ஷூரன்ஸ் துறை)

சர்வேயர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதம் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று எடுப்பார்கள். ஆனால் எல்லா செட்டில்மெண்டிலும் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும் என்றில்லை. உடைந்த வண்டியின் மதிப்பைக் கழித்துக்கொண்டு, வண்டியும் ஆர்சியும் உங்களிடமே இருக்கும்படி எழுத்தில் கேளுங்கள். ஆர்சியை ஒப்படைத்து ரத்து செய்யும் பேப்பரில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், பிறகு வண்டியை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ரோட்டில் இறக்க முடியாது.

தப்பு லாரி பக்கம் என்றால், உங்கள் இன்ஷூரன்ஸில் வராத மீதிச் செலவை லாரியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மூலம் கேட்கலாம். எஃப்ஐஆர், போட்டோ, பட்டறை எஸ்டிமேட் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள்.

கேட்டவர் (திருச்சி)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்டியரிங்கை நேராக வைத்து அளந்தேன். வலது வீல்பேஸ் 2323, இடது 2296. சேசிஸ் ஓட்டைகளிலிருந்து எடுத்த குறுக்களவில், முன்புறப் புள்ளிகளோடு வித்தியாசம் 9 மில்லிமீட்டர். டேஷ்போர்டுக்கு நேர் கீழே இருந்து பின்னால் அளந்தால் ரெண்டும் சரியாக வருகிறது. இடது சஸ்பென்ஷன் டவர் (சேசிஸ் மேல் நின்று சஸ்பென்ஷனைத் தாங்கும் பகுதி) பின்னால் சாய்ந்திருக்கிறது.

பதில் (மதுரை, டிங்கர் பட்டறை)

நல்ல சேதி தம்பி! 27 குறைஞ்சதுல 9தான் சேசிஸ் பக்கம். மத்ததெல்லாம் போல்ட்டில் கழட்டி மாத்துற டவர், விஷ்போன் வளைவு. பின்பாதி அசையவே இல்லை. வெட்டற வேலையே வேண்டாம்.

செய்ய வேண்டிய வரிசை இதுதான். பாடியைத் தூக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கதவு வாசலுக்கும் குறுக்கே சதுர பைப் வெல்டிங் வைங்க. இல்லேன்னா தூக்குறப்ப பாடி அப்பளம் மாதிரி முறுக்கிக்கும். எஞ்சினை இறக்கிட்டு, சேசிஸோட பின்பாதியைத் தரையில் கெட்டியா பிடிச்சு, முன் இடது பக்கம் சங்கிலி போட்டு ஹைட்ராலிக்கில் மெதுவா இழுக்கச் சொல்லுங்க. கேஸ் வெச்சு சிவக்கக் காய்ச்ச வேண்டாம், ஆறுன இரும்பையே இழுக்கணும். விட்டா கொஞ்சம் திரும்பி வரும், அதனால 9க்குச் சற்று மேலே இழுத்து விட்டு விட்டு அளக்கணும். இழுத்ததும் வெல்டிங் ஓரங்களைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, விரிசல் காட்டுற சிவப்பு டை அடிச்சுப் பாருங்க. சேசிஸ் எண் அடிச்ச இடத்துல கிரைண்டரே படக்கூடாது.

பட்டி பார்க்கிறதும் பெயிண்டும் கடைசி வேலை. பிரைமரோடயே பாடி, கதவு, பானெட் எல்லாத்தையும் பூட்டி, இடைவெளி ரெண்டு பக்கமும் ஒத்து வர்ற வரைக்கும் பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவுல வைக்கிற பேக்கிங் தகடுகளை மாத்துங்க. கதவு ஒரே விரலில் சாத்துற மாதிரி வந்த பிறகுதான் பெயிண்டருக்கு வண்டியைக் கொடுக்கணும்.

கேட்டவர் (திருச்சி)

சரி அண்ணே. ஆர்சி என்னிடமே இருக்கும்படி இன்ஷூரன்ஸுக்கு இன்று கடிதம் கொடுத்துவிட்டேன். இடது வெர்ட்டிகல் லிங்க்கும் ட்ரன்னியனும் பிரிட்டனிலிருந்து ஆர்டர் போடுகிறேன். சேசிஸ் இழுக்கும் வேலையை மதுரைக்கே கொண்டு வரலாமா? லோடு வண்டியில் ஏற்ற இடது சக்கரத்துக்கு அடியில் என்ன வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பதில் (மதுரை, டிங்கர் பட்டறை)

தாராளமா கொண்டு வாங்க. அந்தச் சக்கரத்தை உருட்டவே கூடாது. அடியில் சின்ன டிராலி ஜாக்கி கொடுத்து ஏத்துங்க. ஏத்தினதும் கட்டுறப்போ கயிறு சஸ்பென்ஷனில் வேண்டாம், சேசிஸில் போடணும். கழட்டுன போல்ட், கீல், உடைஞ்ச பானெட் துண்டு எதையும் தூக்கிப் போடாம சாக்குல கட்டி அதோடயே அனுப்புங்க. அந்த வளைவுக்குத் தகடு தட்டுறதுக்கு பழைய துண்டுதான் அளவு.