நைட் ஷிப்ட் அப்பா தூங்குற வீட்ல ரெண்டு வாலு: போன் குடுத்தா தப்பா?

ரெண்டுவாலு அம்மா (ஓசூர்)

இங்க எல்லாத்தையும் படிச்சிட்டு பேசாம போறவ நான். இன்னைக்கு மனசு கேக்கல, எழுதுறேன். நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

வீட்டுக்காரருக்கு சிப்காட்ல வேலை. ரெண்டு மாசமா நைட் ஷிப்ட். காலைல ஏழரைக்கு வருவார், குளிச்சு சாப்பிட்டு எட்டரைக்குப் படுப்பார். எங்களுது மாடி போர்ஷன். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், கிச்சன், அவ்வளவுதான். பையனுக்கு நாலு முடியப் போகுது, ஜூன்லதான் எல்.கே.ஜி. பாப்பாவுக்கு ரெண்டரை. அவர் படுக்கிற நேரமும் இதுங்க ஆட்டத்தை ஆரம்பிக்கிற நேரமும் ஒண்ணு.

பையனுக்கு இப்ப பஸ் பைத்தியம். பிளாஸ்டிக் சேர் நாலையும் வரிசையா கவுத்துப் போட்டுட்டு 'சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தர்மபுரிய்ய்'னு கத்துவான். ஊருக்குப் போறப்ப ஓசூர் பஸ் ஸ்டாண்டுல கேட்டது, வரிசை ஒரு ஊர் மாறாது. பாப்பாதான் பாசஞ்சர். காசுக்கு புளியங்கொட்டை. அன்னைக்கு பாப்பா ரெண்டு கொட்டை குடுத்திருக்கா, இவன் மிச்சம் தரல. அவ ஓன்னு அழ, இவன் விசிலை எடுத்து ஊத, பெட்ரூம் கதவு தொறந்துச்சு. அவர் திட்டலைங்க. திட்டியிருந்தாக்கூட பரவால்ல. கட்டில் ஓரத்துல போய் உக்காந்து ரெண்டு கையாலயும் தலையைப் புடிச்சிகிட்டு 'மணி என்ன'ன்னு மட்டும் கேட்டார். பத்தே கால்.

மறுநாள்ல இருந்து போன் குடுக்க ஆரம்பிச்சேன். அரை மணி நேரம்னு ஆரம்பிச்சது இப்ப ஒம்பதுல இருந்து ஒண்ணு வரைக்கும் ஓடுது. வீடு அவ்ளோ அமைதி. போன ஞாயித்துக்கிழமை பாலக்கோட்டுல இருந்து நாத்தனார் வந்தாங்க. அத்தைன்னு ஒண்ணும் எழுந்து ஓடல. பையன் தலை நிமிராம 'வணக்கம் நண்பர்களே'ன்னான். 'என்ன அண்ணி, புள்ளைங்களுக்கு மந்திரிச்சு விட்டுட்டீங்களா'ன்னு கேட்டுட்டாங்க. அதுல இருந்து உள்ள குத்துது.

நான் பண்றது தப்பா? தப்புன்னா வேற என்னதான் பண்றது?


பெண்ணாகரத்தான்

தப்புதாம்மா. சுத்தி வளைக்காம சொல்லிடறேன்.

எங்கப்பாவும் ராத்திரி வேலைதான். மோட்டாருக்குக் கரண்டு ராத்திரியில வுடுவான், தண்ணி கட்டிட்டு விடிஞ்சு வருவாரு. பகல்ல திண்ணையில துண்டை விரிச்சுப் படுப்பாரு. நாங்க ஆறு புள்ளைங்க அவரைத் தாண்டித் தாண்டி ஓடுவோம். ஒரு நாளும் எழுந்து தலையைப் புடிச்சதில்ல. புள்ளைங்க சத்தம் இல்லாத வூடு ஒரு வூடா?

நம்ம தகடூர் அதியமான்கிட்டத்தான் ஔவை சொன்னா. குழந்தைங்க மழலை யாழுக்கு ஈடாகாது, நேரங்காலத்தோட ஒட்டாது, அர்த்தமும் வெளங்காது, ஆனாலும் அப்பனுக்கு அதைக் கேட்டா அருள் சுரக்கும்னு. ரெண்டாயிரம் வருசத்துப் பேச்சு. போனைப் புடுங்கி மேல வைங்க.


சி ஷிப்ட் (ஓசூர்)

அண்ணே, அதியமான் நைட் ஷிப்ட் போகல. நேரங்காலத்தோட ஒட்டாதுன்னு ஔவையே ஒத்துக்கிட்டாங்களே, அதைத்தான் நாங்களும் சொல்றோம்.

பதினோரு வருசமா மெஷின் முன்னாடி நிக்கிறேன். விடிகாலை மூணு மணிக்கு கண்ணு சொருகும் பாருங்க, அப்ப பிரஸ்ல கை எங்க இருக்குன்னு நமக்கே தெரியாது. அங்க தப்பிச்சாலும் வீட்டுக்கு வர்றது நேஷனல் ஹைவேல. லாரிக்கு நடுவுல டூவீலர். சூளகிரி பக்கம் ஒரு நாள் வண்டியிலயே தூங்கிட்டேன், ஹாரன் சத்தத்துல முழிச்சப்ப ரோட்டோரக் கோட்டைத் தாண்டி இருந்தேன். அன்னைக்கு முந்தின பகல் எவ்ளோ தூங்கினேன் தெரியுமா? ரெண்டு மணி நேரம். மேல் வீட்ல ஏதோ விசேஷம்.

தங்கச்சி, நீங்க செய்றது சரி. வீட்டுக்காரர் முழுசா வீடு வந்து சேரணும். என் பொண்ணும் போன் பாத்துதான் வளந்தா. இப்ப மூணாவது படிக்கிறா, ஒண்ணும் கெட்டுப் போகல.


ஊத்தங்கரை மருமகள்

பெண்ணாகரத்து அண்ணா, அந்த ஆறு புள்ளைங்களையும் யாரு பாத்துகிட்டாங்க? திண்ணையா? உங்க அம்மா களி கிண்டிகிட்டே ஒரு கண்ணு அடுப்புல, ஒரு கண்ணு உங்க மேல வெச்சிருப்பாங்க. பாட்டி இருந்திருப்பாங்க, பெரியக்கா இருந்திருப்பாங்க. ஓசூர்ல மாடி போர்ஷன்ல அந்தப் பொண்ணு ஒத்தை ஆளு. தெருவுல விட்டா வண்டி, படியில விட்டா விழும்.

பழசெல்லாம் நல்லதுன்னா அந்தக் காலத்து போர்வெல் தண்ணியையும் சேத்துச் சொல்லுங்க. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல ஃப்ளோரைடு இருக்கக் கூடாதுங்கறாங்க. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் எத்தனையோ ஊர்ல அதுக்கு மேலதான் இருந்துச்சு. 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொறந்தப்ப எனக்குக் கல்யாணமே ஆகிடுச்சு, சின்ன வயசுல அந்த ஃப்ளோரைடு தண்ணியால பல்லுல விழுந்த பழுப்புக் கோடு விழுந்ததுதான். இன்னைக்கும் வாயைப் பொத்தித்தான் சிரிக்கிறேன்.

சி ஷிப்ட் அண்ணா, உங்களுக்கும் ஒண்ணு. வீட்டுக்காரர் எப்ப தூங்குவார்னு ஊரே பேசுது. ராத்திரி பாப்பாவுக்கு முழிச்சு, விடிகாலை அஞ்சுக்கு எழுந்து சமைச்சு, பகல்ல மூச்சு விடாம ரெண்டையும் அடக்கி உக்கார வைக்கிற அந்தப் பொண்ணு எப்ப தூங்குது?


பெண்ணாகரத்தான்

பல்லு விசயம் சரிதான் தாயி. எனக்கும் அதே கோடுதான். திண்ணை இப்ப இல்ல, அதுவும் சரி. ஆனா போனு விசயத்துல நான் எறங்கி வர மாட்டேன்.


கீழ்வீட்டு ஓனர் (தர்மபுரி)

இங்கே தர்மபுரியில் என் வீட்டு மாடியை வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. அந்தம்மா நாற்காலி பஸ் என்று ரசித்து எழுதியிருக்கிறார். அப்படி ஒரு பஸ் எங்கள் தலைமேல் எப்படி ஓடுகிறது என்று கீழே வந்து கேட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு அறுபத்தெட்டு வயது. மதியம் கண்ணை மூடினால் மேலே தேர் இழுக்கிறார்கள். போன் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.


ஊத்தங்கரை மருமகள்

ஐயா, வாடகை வாங்குறீங்க இல்ல? புள்ளைங்க இருக்குன்னு தெரிஞ்சுதானே விட்டீங்க?


கீழ்வீட்டு ஓனர் (தர்மபுரி)

தெரிந்துதான் விட்டேன். பேச்சுலர்களுக்கு விடக்கூடாது என்று என் சம்சாரம் சொன்னதால் விட்டேன். இருந்தாலும் சொல்கிறேன், நாற்காலிக் காலுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினால் பாதி சத்தம் குறையும். நானே மேலே போய்க் கட்டிக் கொடுத்தேன். கீழே ஜமுக்காளமும் விரிக்கலாம்.


நெறியாளர்: 'பெத்தவளுக்குப் பொறுமை இல்ல' என்று தொடங்கிய ஒரு பதிவை எடுத்துவிட்டேன். எழுதியவருக்குத் தனியாகத் தகவல் போயிருக்கிறது. தொடருங்கள்.


அங்கன்வாடி அக்கா (காவேரிப்பட்டணம்)

கண்ணு, மொதல்ல அந்தப் புளியங்கொட்டையை எடுத்து மேல வை. போனைப் பத்தி அப்புறம் பேசலாம்.

எங்க சென்டர் பக்கம் புளி சீசன் வந்தா வீட்டுக்கு வீடு கொட்டை நீக்குற வேலைதான், புள்ளைங்க அதுல உருண்டுகிட்டு கெடக்கும். ஒரு ரெண்டு வயசுப் பையன் மூக்குல கொட்டையைத் திணிச்சுகிட்டான். அவங்க பாட்டி ஹேர்பின்னை விட்டு நோண்டி இன்னும் உள்ள தள்ளிட்டாங்க. ஆஸ்பத்திரில எடுக்குறதுக்குள்ள மூக்கெல்லாம் ரத்தம். கொட்டை, முழு வேர்க்கடலை, சட்டை பட்டன் எல்லாம் இந்த வயசுக்கு ஆகாது. பொம்மைக்குள்ள இருக்குற சின்ன வட்ட பேட்டரி எல்லாத்தையும்விட மோசம். முழுங்கினாலோ மூக்குல போனாலோ ரெண்டு மணி நேரத்துல உள்ள சதையை அரிச்சிடும். நோண்டாம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

இப்ப போன். 2019ல உலக சுகாதார நிறுவனம் சொன்னது, ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் உக்காந்து திரை பாக்குறது நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், கம்மின்னா இன்னும் நல்லது. நம்ம நாட்டு குழந்தை டாக்டர்கள் சங்கம் சொல்றதும் அதே ஒரு மணி நேரம்தான், ரெண்டு வயசுக்குள்ள வேண்டவே வேண்டாம்னு. ரெண்டையும் படிச்சிட்டு உன்னைக் குத்தம் சொல்ல வரல. ஆனா நாலு மணி நேரம் ரொம்ப ஜாஸ்தி கண்ணு. மூணு நாலு வயசுக்கு நாள் முழுக்க சேத்து 180 நிமிஷம் ஓடி ஆடணும்னும் அதே இடத்துல சொல்லியிருக்கு. உன் பையன் சேரை இழுக்குறானே, அதுவும் அந்தக் கணக்குலதான் வரும்.

எனக்கு அதைவிட உறுத்துறது பேச்சு. உன் பாப்பா ரெண்டு கொட்டை குடுத்துட்டு மிச்சம் கேட்டாளே, அதுல கணக்கு இருக்கு, சண்டை இருக்கு, அண்ணன்கிட்ட என்ன சொல்லி வாங்கலாம்னு யோசனை இருக்கு. போன் அவகிட்ட பேசும், அவ பேசினா அதுக்குக் காது இல்ல. 'வணக்கம் நண்பர்களே'ங்கற தமிழ் எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தியா?

வீட்டுக்காரருக்கு: ஜன்னலுக்கு கெட்டி கறுப்புத் துணி போடு. வெளிச்சம் பட்டா உடம்பு பகல்னு நெனைச்சுக்கும், தூக்கம் கெடும். ஃபேனை ஃபுல்லா வை. ஒரே மாதிரி ஓடுற சத்தம் எழுப்பாது, திடீர்னு வர்ற சத்தம்தான் எழுப்பும். அதனால விசிலை மட்டும் ஒளிச்சு வை, பஸ்ஸை விட்டுடு.

ரெண்டு வயசு முடிஞ்ச புள்ளையை அங்கன்வாடியில சேத்துக்குவோம். காலைல ரெண்டையும் விட்டா பாட்டு, ஆட்டம், மதியம் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். காசு இல்ல. உங்க வார்டுல எங்க இருக்குன்னு கேட்டுப் பாரு.


சி ஷிப்ட் (ஓசூர்)

அக்கா, நீங்க சொல்றது எல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் வந்து எங்க லைன்ல ஒரு வாரம் நிக்கட்டும், அப்புறம் 180 நிமிஷம் பேசலாம். சென்டர்ல இருந்து புள்ளைங்க திரும்பி வந்ததும் மறுபடி பஸ்ஸு கெளம்பும். இந்த வயசுல மொத நாளே சிரிச்சிகிட்டு யாரும் போகாது, அழுது ஊரைக் கூட்டும். அந்த வாரம் அவர் தூங்கவே முடியாது.

ஃபேன் மேட்டர் மட்டும் உண்மை. நான் கூலரை காத்துக்காக ஓட்டல, சத்தத்துக்காகத்தான் ஓட்டுறேன்.


அங்கன்வாடி அக்கா (காவேரிப்பட்டணம்)

அழும் தம்பி. மூணு நாள் அழும். சில புள்ளை மூணு வாரமும் அழும், இல்லைன்னு சொல்லல. உங்க பொண்ணு கெட்டுப் போகலைன்னீங்க, சந்தோஷம். நாங்க தினம் பாக்குறது முப்பது புள்ளைங்களை.


பெண்ணாகரத்தான்

அக்கா சொன்னதுதான் நான் மொதல்லயே சொன்னது.


ஊத்தங்கரை மருமகள்

நீங்க சொன்னது 'புடுங்கி மேல வைங்க' மட்டும்தான் அண்ணா. புடுங்கின பிறகு வர்ற நாலு மணி நேரத்துக்கு அக்காதான் வழி சொன்னாங்க.


ரெண்டுவாலு அம்மா (ஓசூர்)

பத்து நாள் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் நன்றி, திட்டினவங்களுக்கும் சேத்து.

புளியங்கொட்டையை அன்னைக்கே எடுத்துட்டேன். இப்ப காசுக்கு பழைய பஸ் டிக்கெட். சேர் காலுக்கு டியூப் கட்டியாச்சு, ஓனர் ஐயா யோசனை நல்லாவே வேலை செய்யுது. கறுப்புத் துணி கெடைக்கல, என்னோட பழைய பட்டுப் புடவையை நாலா மடிச்சு ஜன்னல்ல தொங்க விட்டிருக்கேன். அவர் சிரிக்கிறார்.

அங்கன்வாடி ரெண்டு தெரு தள்ளி இருக்கு. சி ஷிப்ட் அண்ணா சொன்ன மாதிரியேதான் ஆச்சு. பையன் மொத நாள் என் முந்தானையைப் புடிச்சு தொங்கினான். பாப்பா, அழுவான்னு பயந்தேன், திரும்பியே பாக்கல. அஞ்சாம் நாள்தான் பையன் உள்ள போனான், அதுவும் அங்க ஒரு புள்ளை 'நான் டிரைவர்'னு சொன்னதாலதான். புள்ளைங்களை விட்டுட்டு வந்து நான் ஒரு மணி நேரம் படுக்கிறேன். ஊத்தங்கரை அக்கா, அந்தக் கேள்வியை அவர்கிட்ட காட்டினேன். ஒண்ணும் பேசல. மறுநாள்ல இருந்து வேலை முடிஞ்சு வர்றப்பவே இட்லி வாங்கிட்டு வந்துடறார்.

போன் முழுசா நிக்கல. சாயந்தரம் சமைக்கிறப்ப ஒரு மணி நேரம் ஓடுது, சில நாள் ஒண்ணரை. பொய் சொல்ல மாட்டேன்.

விசிலை மட்டும் ஒளிக்க முடியல. போன வருசம் சந்திரசூடேஸ்வரர் தேர் அன்னைக்கு அவரே தோள்ல தூக்கிகிட்டுப் போய் வாங்கிக் குடுத்தது. எங்க வெச்சாலும் கண்டுபுடிச்சுடுறான். ஆனா நேத்து மதியம் வந்ததும் விசிலை வாய்க்கிட்ட கொண்டு போனான், ஊதல. காத்து மட்டும் விட்டான். ஊர் பேரெல்லாம் வாய்க்குள்ளயே சொல்றான். பாப்பா 'ஏன் கத்தல'ன்னா. 'டிரைவர் தூங்கறாரு'ன்னான்.


பெண்ணாகரத்தான்

டிரைவர் தூங்கினா பஸ்ஸு சூளகிரி தாண்டாதே தாயி!


சி ஷிப்ட் (ஓசூர்)

தாண்டிடும், ஹாரன் அடிக்க ஆள் இருந்தா. இட்லி எந்தக் கடை? எனக்கும் வழியிலதான் வருமான்னு பாக்குறேன்.


ரெண்டுவாலு அம்மா (ஓசூர்)

கடை பேர் சொல்றேன் அண்ணா, ஆனா அவரே இனிமே அங்க போக மாட்டார். நாளைல இருந்து ஃபர்ஸ்ட் ஷிப்ட் மாத்திட்டாங்க. நாலரைக்கு அலாரம். இப்பவே ஒத்திகை பாத்தோம், அவர் எழுந்திரிக்கல, ரெண்டு வாலும் எழுந்து உக்காந்துடுச்சு. பையன் விசிலைத் தேடுறான். இதுக்குத் தனியா இன்னொரு திரி போடட்டுமா?