விண்டோஸ் மாற்றும் முன் டிரைவர் சந்தேகம், தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். தங்கையின் லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் 11 போடப் போகிறேன். இன்டெல் 11ஆம் தலைமுறை ஐ5, 512 ஜிபி எஸ்எஸ்டி.

பயமெல்லாம் டிரைவர் (வைஃபை, ஆடியோ போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) பற்றித்தான். போன வருடம் என் லேப்டாப்பில் அவசரப்பட்டு ஓஎஸ் மாற்றினேன். வைஃபை டிரைவர் இல்லை, லேன் போர்ட்டும் (நெட் கேபிள் செருகும் இடம்) இல்லை. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும்! கடைசியில் போனின் நெட்டை யூஎஸ்பி கேபிள் வழியாக (டெதரிங்) கொடுத்துத்தான் மீண்டேன். தங்கைக்கு இது பிராஜெக்ட் நேரம், ஒரு நாள்கூட மெஷின் முடங்கக் கூடாது.

தயாரிப்பாளர் தளத்தில் சீரியல் எண் கொடுத்து சிப்செட், வைஃபை, ஆடியோ, டச்பேட் டிரைவர்களைப் பென் டிரைவில் ஏற்றிவிட்டேன். விண்டோஸிலேயே உள்ள டிஸம் (DISM) கட்டளை மூலம் இப்போதுள்ள டிரைவர்களையும் எடுத்து வைத்தாயிற்று. ஆனால் டிவைஸ் மேனேஜரில் (பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் பகுதி) ஒரு 'பிசிஐ டிவைஸ்' மட்டும் மஞ்சள் குறியோடு நிற்கிறது. ஹார்டுவேர் ஐடியில் வென்டர் எண் 8086, அதாவது இன்டெல். அது எந்த பாகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்புறம் முக்கியமானது: 11ஆம் தலைமுறையில் விஎம்டி (VMD, எஸ்எஸ்டி சேமிப்பகத்தை நிர்வகிக்கும் இன்டெல் வசதி) இயங்கினால் இன்ஸ்டால் செய்யும்போது எஸ்எஸ்டியே கண்ணில் படாமல் போகலாமாம். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) விஎம்டியை அணைப்பதா, இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவிலிருந்து கொடுப்பதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ரிச்சி தெருவில் ஒரு கடையில் பொதுவான டிரைவர் பேக் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.