இயற்பியல் பேராசிரியருக்கு லேபுக்கு வெளியே வாழ்க்கை உண்டா?

அலைநீளம்:
எம்.எஸ்சி. இயற்பியல் ரெண்டாம் வருஷம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வு எழுதி இதே லைன்ல போகலாமா, பேசாம பேங்க் தேர்வுக்குப் படிக்கலாமான்னு வீட்டுல தினமும் பஞ்சாயத்து. "வாத்தியார் வேலைன்னா மத்தியானமே வீட்டுக்கு வந்துடலாம்டா"ங்கிறார் மாமா. எங்க சார் ராத்திரி எட்டு மணிக்கும் டிபார்ட்மென்ட்லதான் இருக்கார். எது நிஜம்? பாட்டு, விளையாட்டு, தோட்டம்னு ஏதாவது வெச்சுக்க நேரம் இருக்குமா? உள்ளே இருக்கிறவங்க சொல்லுங்க.

வலந்தலை:
தம்பி, மாமா சொல்றதும் பொய் இல்ல. நான் டெல்டா பக்கம் ஒரு கல்லூரியில இருக்கேன். பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, கணக்குல உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு, அதுக்கு மேல போனவங்களுக்கு 14. மாமா கண்ணுக்குத் தெரியிறது அந்தப் பதினாறுதான். ரெக்கார்டு நோட் திருத்துறது, இன்டர்னல் மார்க் ஏத்துறது, கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடுற நாக் குழு வருதுன்னா பழைய போட்டோவையெல்லாம் தோண்டி ஃபைல் போடுறது, ஸ்காலர்ஷிப் படிவத்துல கையெழுத்து, இதெல்லாம் எந்தக் கணக்குலயும் வராது.

செமஸ்டர் முடிஞ்சா பிராக்டிகல் எக்ஸ்டர்னலா வேற ஊர். அங்க சோடியம் விளக்கு முதல்ல மங்கலா சிவந்து, அப்புறம் மெதுவா மஞ்சளாகும் வரைக்கும் பசங்களும் நானும் தீபாராதனைக்கு நிக்கிற மாதிரி நிப்போம். அப்புறம் விடைத்தாள் திருத்துற கேம்ப். அதைப் பத்தி எழுதினா எனக்கே கோபம் வரும், விட்டுடறேன்.

வெளியேன்னா எனக்கு மிருதங்கம். வாசிப்பெல்லாம் சுமார், தாளம் போடுறதோட சரி. மிருதங்கம் செய்யிற பட்டறையில உட்கார்ந்து பார்க்கத்தான் ஆசை. சனிக்கிழமை சாயங்காலம் போயிடுவேன். பட்டறைக்காரர் "டீச்சரம்மா வந்துட்டாங்க, இனி கேள்வியா கேட்டுக் கொல்லுவாங்க"ன்னுவார். மனசுக்குள்ள பிடிக்கும், ஸ்டூலைத் துடைச்சுப் போடுவார்.

வலந்தலையில, அதாவது மிருதங்கத்தோட வலப்பக்கத் தோல்ல, நடுவுல கறுப்பா கரணை இருக்கே, அதை வைக்கிறதைப் பார்க்கணும். இரும்பு, மாங்கனீசு கலந்த கல்லோட பொடியைச் சோத்தோட மசிய அரைச்சுக்குவாங்க. கொஞ்சமா எடுத்துத் தோல்மேல அப்பி, வழவழப்பான கல்லால தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். ஒரு படலம் காய்ஞ்சாத்தான் அடுத்தது. ஒவ்வொரு படலத்துக்கும் ஒரு தட்டு, காதைச் சாய்ச்சுக் கேட்பார், மறுபடி தேய்ப்பு. தேய்க்கத் தேய்க்க கரணை முழுக்க மெல்லிசா விரிசல் ஓடும். அந்த விரிசல் இல்லாட்டி கரணை தோலோட வளையாது, கட்டையாப் போயிடும்.

இதுல என்ன இயற்பியல்? வெறும் வட்டத்தோலைத் தட்டினா வர்ற அதிர்வெண்கள், முதலாவதை 1னு வெச்சா, 1, 1.59, 2.14, 2.30ன்னு ஒட்டாம போகும். அதனாலதான் பல தோல் கருவிகள்ல சத்தம் இருக்கும், சுருதி நிக்காது. நடுவுல பாரம் ஏத்தினா அதே அதிர்வுகள் 1, 2, 3, 4, 5ன்னு கிட்டத்தட்ட ஒழுங்குக்கு வந்துடுது. ஒன்பது அதிர்வு வகைகள் இந்த அஞ்சு அதிர்வெண்களுக்குள்ள அடங்குதுன்னு காட்டினவர் சர் சி.வி. ராமன். 1920ல சிவகாளி குமாரோட சேர்ந்து 'நேச்சர்' இதழ்ல எழுதினார், 1934ல விரிவா ஒரு கட்டுரை. தோல்மேல மெல்லிய மணலைத் தூவித் தட்டினா, அசையாத கோட்டுல மணல் போய் ஒதுங்கும், அதைப் படம் பிடிச்சார். எங்க பட்டறைக்காரர் ராமன் கட்டுரையைப் படிச்சதில்ல, எனக்குக் கரணை வைக்கத் தெரியாது. யார் பெரிய ஆள்னு கேட்டா நான் அவர் பக்கம்தான்.

இன்னொண்ணு. பேங்க் வேலைன்னு சொன்னியே, ராமனும் 1907ல இருந்து 1917 வரைக்கும் அரசாங்க நிதித்துறையிலதான் இருந்தார். கல்கத்தாவுல ஆபீசுக்கு முன்னாடியும் பின்னாடியும் பவ்பஜார்ல இருந்த ஆய்வுக் கழகத்துக்குப் போவார். அப்புறம்தான் பேராசிரியர் வேலை. எல்லாரும் ராமன் ஆகிட முடியாதுதான், மாமாகிட்ட வாதாட உதவும்னு சொல்றேன்.

பூஜ்ஜியம்_கெல்வின்:
ஆராய்ச்சி நிறுவனத்துல இருக்கேன். இங்க கதை வேற. லேப்ல இருக்கிறது மாணவர்கள், பேராசிரியர் இருக்கிறது அரசாங்கக் கொள்முதலுக்கான ஜெம் போர்ட்டல்ல. திரவ ஹீலியத்துக்கு டெண்டர், வந்த பம்புக்கு ஜிஎஸ்டி ரசீது. ஆனா எங்க சார் காலையில ஆறு மணிக்கு ஷட்டில் ஆடாம ஆபீஸ் வந்து நான் பார்த்ததே இல்ல. நேரம் கிடைக்காது, எடுத்துக்கணும்.

தொப்பி ரவை:
டீச்சர், நான் வாசிக்கிறவன். வலந்தலையில 'நம்'ங்கிற சொல்லை வாசிக்கிறப்போ மோதிர விரலைக் கரணை ஓரத்துல லேசா வைக்கச் சொல்வாங்க எங்க வாத்தியார். ஏன்னு கேட்டா "வெச்சாத்தான் நாதம்"பார். காரணம் உண்டா?

வலந்தலை:
உண்டு. அந்த விரல் முதல் அதிர்வை அமுக்கிடும். ரெண்டாவதுக்குக் குறுக்கால ஒரு அசையாத கோடு ஓடுமே, உங்க விரல் அந்தக் கோட்டு மேலயே உட்கார்ந்திருக்கும். அதனால அதுக்கு மட்டும் இடைஞ்சல் இல்ல, அதுதான் கணீர்னு கேட்குது. உங்க வாத்தியார் சொன்னதுல குத்தமே இல்ல. பேர்ல இருக்கிற ரவையும் இதே வேலைதான். ஈர ரவையை இடந்தலையில, அதான் இடப்பக்கத் தொப்பியில, அப்பினா பாரம் ஏறி சுருதி இறங்குது.

அலைநீளம்:
டீச்சர், இதை எம்.எஸ்சி. புராஜெக்டா பண்ண விடுவாங்களா? எங்க லேப்ல இதுக்குன்னு கருவி எதுவும் இல்ல.

வலந்தலை:
உங்க சாரைக் கேளு, எட்டு மணி வரைக்கும் இருக்கிறவர் வேண்டாம்னு சொல்ல மாட்டார். கருவி வேண்டாம். ஃபைபாக்ஸ்னு ஜெர்மனியில ஆகென் பல்கலைக்கழகம் செஞ்ச ஆப், இலவசம். அதுல ஆடியோ ஸ்பெக்ட்ரம்னு இருக்கும், சத்தத்துல எந்தெந்த அதிர்வெண் இருக்குன்னு வரைபடமா காட்டும். ஃபேனை நிறுத்திட்டு, ஃபோனை வலந்தலைக்கு நேரா வெச்சு, ஒரு 'நம்' மட்டும் பதிவு பண்ணு. வரைபடத்துல தெரியிற சிகரங்களோட அதிர்வெண் விகிதத்தை எடு. அப்புறம் கரணை இல்லாத ஒரு பறையையோ டிரம்மையோ அதே மாதிரி எடுத்துப் பக்கத்துல வை. மழை நாள்ல எடுக்காதே, தோல் தளர்ந்திருக்கும்.