ரூம்மேட்டின் பின்னலைத் தொட்டுவிட்டேன், இப்போது பேசவே கூச்சமாக இருக்கிறது

கோபி சுருட்டை:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோயம்புத்தூரில் முதுகலை படிக்கிறேன், ஊர் கோபி பக்கம். என் ஹாஸ்டல் ரூம்மேட் உகாண்டாவிலிருந்து வந்தவள். ஜூலையில் சேர்ந்தபோது தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். தீபாவளி லீவு முடிந்து வந்து பார்த்தால் இடுப்பு வரை மெல்லிய மெல்லிய பின்னல், நூறுக்கு மேல் இருக்கும். நான் யோசிக்காமல் ஒன்றைக் கையில் எடுத்து "இது நிஜ முடியா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்து அறைப் பிள்ளைகளும் ஆளுக்கொரு பின்னலைப் பிடித்து இழுத்து போட்டோ எடுத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் ராத்திரி தலையைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மறுநாள் ஒன்று மட்டும் சொன்னாள்: அவள் படித்த பள்ளியில் பெண்பிள்ளைகள் முடி வளர்க்கவே கூடாதாம், இப்போதுதான் முதல்முறையாகத் தனக்குப் பிடித்த மாதிரி வைத்திருக்கிறாளாம்.

எனக்கு அது நன்றாகவே உறைத்தது, ஏனென்றால் எனக்கும் சுருட்டை முடிதான். அரப்பு தேய்த்துக் குளிப்பாட்டிச் சிக்கெடுக்கும்போதெல்லாம் அம்மிச்சி "யாரைக் கொண்டு பிறந்தாளோ" என்று புலம்பும். போன ஆவணியில் அண்ணன் கல்யாணம். மாப்பிள்ளையின் தங்கச்சியை உட்கார வைத்துச் செய்கிற இணைச்சீர் சடங்குக்கு நான் உட்கார வேண்டும், போட்டோவில் தலை பறட்டையாகத் தெரியும் என்று பார்லருக்குக் கூட்டிப்போய் நேராக்கிவிட்டார்கள். இப்போது வேரில் சுருட்டை, கீழே கோரை. எனக்கும் ஜாதகம் எடுத்துவிட்டார்கள், மறுபடி நேராக்கச் சொல்கிறார்கள். அவளிடம் எப்படிப் பேசுவது, என் தலையை என்ன செய்வது, இரண்டுமே தெரியவில்லை.

பவானிக்காரன்:
ஒட்டுமுடி, நேராக்குவது எல்லாமே வெள்ளைக்காரர்கள் சொல்லும் அழகுக்கு அடிமையாவதுதான். பிறந்தபடி விட வேண்டும். உங்கள் தோழிக்கும் அதையே எடுத்துச் சொல்லுங்கள்.

ஈரோடு பார்லர் அக்கா:
தம்பி, அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்ல நாம் யார்? பத்தொன்பது வருசமாகத் தலைமுடியில்தான் என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன். அந்தப் பின்னல் வெள்ளைக்காரர்களைப் பார்த்து வந்தது இல்லை, ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற கைவேலை. அவர்கள் முடி நெருக்கமாகச் சுருண்டிருப்பதால் மண்டையில் சுரக்கும் எண்ணெய் நுனி வரை இறங்காது, முடி காய்ந்து ஒடியும். பின்னிவிட்டால் வாரக்கணக்கில் சீப்பு படாமல் பத்திரமாக இருக்கும். ஒரு தலைக்கு ஐந்தாறு மணி நேரம், சில சமயம் ஒரு நாளே ஆகும். அவ்வளவு நேரம் உட்கார்ந்து போட்டதைத்தான் நீங்கள் இழுத்துப் பார்த்திருக்கிறீர்கள். ராத்திரி துணி கட்டியது உன் மேல் கோபத்தால் இருக்காது கண்ணு. தலையணையில் உரசாமல் இருக்க அப்படித்தான் கட்டிக்கொண்டு படுப்பார்கள்.

அப்புறம் ஒட்டுமுடியைப் பற்றி. நம் ஜனங்கள் காவடி எடுத்துப் போய்ப் பழனியில் மொட்டை போடுகிறோம். கோயில்களில் இறக்கும் நீள முடி ஏலத்தில் போய், விக்காகவும் ஒட்டுமுடியாகவும் மாறி ஆப்பிரிக்கா, அமெரிக்கா வரை போகிறது. நாம் முருகனுக்குக் கொடுத்ததை அங்கே ஒருத்தி ஆசையாக வைத்துக்கொள்கிறாள், அதில் என்ன அடிமைத்தனம்? நம் அப்பத்தாக்கள் சவுரி வைக்கவில்லையா?

நேராக்குவது வேறு கதை. முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்பை மருந்து போட்டு உடைத்துத்தான் நேராக்குகிறோம். கறுப்பினப் பெண்கள் போடும் ரிலாக்ஸரில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா மாதிரி காரம் இருக்கும், கொஞ்சம் நேரம் தப்பினாலும் மண்டைத்தோல் வெந்துவிடும். அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பல வருசம் கவனித்து 2022ல் ஓர் ஆய்வு வந்தது. நேராக்கும் மருந்தே போடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வருவது 1.64 சதவீதம், வருசத்தில் நான்கு தடவைக்கு மேல் போட்டவர்களில் 4.05 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். மருந்துதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, ஆனால் அதைப் படித்த பிறகு யார் வந்து கேட்டாலும் இதைச் சொல்லாமல் நான் மருந்துக் கிண்ணத்தைக் கையில் எடுப்பதில்லை. நீ ஏற்கெனவே நேராக்கின முடியில் மறுபடி போடாதே, அப்படியே ஒடிந்து விழும்.

பொள்ளாச்சி டூ அட்லாண்டா:
ஆறு வருடம் அமெரிக்காவில் அட்லாண்டாவில் இருந்தேன், என் டீம் லீடர் ஒரு கறுப்பினப் பெண்மணி. திங்கட்கிழமை பின்னல், அடுத்த மாதம் விக், அதற்கடுத்து ஆஃப்ரோ (சுருட்டை முடியை உருண்டையாக விரித்துவிடுவது) என்று வருவார். ஒவ்வொரு தடவையும் யாராவது ஏதாவது சொல்வார்கள். அவர் முகம் மாறுவதைப் பார்த்த பிறகுதான் இதன் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

1786ல், இப்போது அமெரிக்க மாநிலமாக இருக்கும் லூசியானாவில், அன்றைய ஸ்பானிய ஆளுநர் எஸ்தேபான் மிரோ, கறுப்பினப் பெண்கள் தலையலங்காரம் காட்டக்கூடாது, துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்தப் பெண்கள் அந்தத் துணியையே வண்ண வண்ணமாகக் கட்டி அழகாக்கிவிட்டார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு 1867ல் பிறந்த மேடம் சி. ஜே. வாக்கர் என்ற கறுப்பினப் பெண்மணி தன் முடி கொட்டியதற்கு வைத்தியம் தேடப் போய், அதையே தொழிலாக்கி ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்கு வருமானம் காட்டினார். 1960களில் ஆஃப்ரோ வந்தது, முடியை அப்படியே விடுவதே அரசியலாக இருந்தது. இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால், 2010ல் அலபாமாவில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வேலையை, சடைத்திரியை (டிரெட்லாக்ஸ்) வெட்ட மாட்டேன் என்றதற்காகத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வழக்கு நடந்து 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தோல் நிறம் மாற்ற முடியாதது, தலையலங்காரம் மாற்றக்கூடியது, அதனால் இது இனப் பாகுபாடு ஆகாது என்று சொன்னது. இப்படிப்பட்ட பாகுபாட்டைத் தடுக்கத்தான் 2019ல் கலிஃபோர்னியா கிரவுன் சட்டம் கொண்டுவந்தது, அதற்குப் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் வந்துவிட்டது. பவானி நண்பரே, இயற்கையாக விடு என்று கட்டளையிட்டாலும் கட்டளை கட்டளைதான். எப்படி வைப்பது என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெள்ளக்கோவில் அம்மா:
கண்ணு, என் பையனுக்குப் பெண் பார்க்கும்போது முடி எவ்வளவு நீளம் என்று கேட்டவள்தான் நானும். ஒரு பிள்ளையின் தலையை அவிழ்த்துக் காட்டச் சொன்னோம். அது குனிந்துகொண்டு அவிழ்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. இந்தத் தலையைப் பார்த்து வேண்டாம் என்கிற வீட்டுக்கு நீ போக வேண்டாம் அம்மணி. உங்கள் அம்மாவை என்னிடம் பேசச் சொன்னாலும் பேசுகிறேன்.

கோபி சுருட்டை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்று ராத்திரி அவளிடம், "கேட்காமல் தொட்டது தப்பு, மற்றவர்களையும் நான் தடுத்திருக்க வேண்டும்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, என் தலையில் முடி இரண்டு விதமாக வளர்கிற மாதிரி இருப்பது ஏன் என்று கேட்டாள். இணைச்சீர் கதை முழுவதும் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தாள், அப்புறம் நேராக்கின பகுதியை வெட்டிவிடத் தானே உதவுகிறேன் என்றாள். தோள் வரைகூட மிஞ்சாது, அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. டிசம்பரில் அவள் பின்னலை அவிழ்க்கும்போது நான் கூட உட்கார வேண்டுமாம், ஒரு ராத்திரி முழுக்க ஆகுமாம். பார்லர் அக்கா, சிக்கெடுக்க அகலப் பல் வைத்த மரச்சீப்பு ஈரோட்டில் எந்தக் கடையில் கிடைக்கும்? இரண்டு வேண்டும்.