வந்தவர் உழைப்பாளி, உள்ளூர்க்காரர் சோம்பேறி: எவ்வளவு உண்மை? கூலி நிஜமாகவே விழுகிறதா?

கேள்வி: வரப்பு

குறைந்த கூலி வேலைகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு வசனங்கள் வந்துவிடுகின்றன. "உள்ளூர்க்காரனுக்கு உடம்பு வணங்காது, வெளிநாட்டிலிருந்து வந்தவன்தான் மாடாய் உழைக்கிறான்" என்பது ஒன்று. "வந்தவன் கம்மிக் கூலிக்கு ஒத்துக்கொள்வதால்தான் நம் கூலி ஏறவில்லை" என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வதும் உண்டு.

நான் கேட்பது வயல் வேலை, இறைச்சி ஆலை, கட்டடம், துப்புரவு போன்றவற்றைப் பற்றி. கணினித் துறை இதில் சேராது. உழைப்புக் குணம் என்று ஒன்றை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? கூலி விழுந்ததற்கு நேரடிச் சான்று உண்டா? ஆட்கள் வருவதை நிறுத்தினால் கூலி ஏறுமா? எண்ணோடு சொல்பவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஏர்முனை

முதல் கேள்விக்கு எல்லோரும் எடுத்துக் காட்டுவது அமெரிக்காவின் வட கரோலினா கணக்கு. அங்கே எச்-2ஏ விசாவில் பருவ வேலைக்கு வெளிநாட்டு ஆட்களை எடுக்க வேண்டுமானால், அதே வேலையை முதலில் உள்ளூரில் விளம்பரம் செய்ய வேண்டும், தகுதியோடு வருபவரைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2011-இல் அங்குள்ள விவசாயிகள் சங்கம் ஒன்றிடம் சுமார் 6,500 இடங்கள் இருந்தன. உள்ளூரிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் 268 பேர். அவர்களில் 245 பேருக்கு வேலை கொடுத்தார்கள். முதல் நாள் வந்து நின்றவர்கள் 163. பருவம் முடியும்வரை தாங்கியவர்கள் 7 பேர். இந்தப் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டவர் பொருளாதார அறிஞர் மைக்கேல் கிளெமென்ஸ்.

இதைப் பார்த்ததும் "சோம்பேறிகள்" என்று முடிவு கட்டுவது அவசரம். மெக்சிகோவிலிருந்து வருபவர் ஏற்கெனவே சலித்தெடுத்த ஆள்: உடல் வலு, அனுபவம், போன பருவத்தில் நன்றாகச் செய்த பெயர், எல்லாம் பார்த்து வரவழைக்கப்பட்டவர். உள்ளூரிலிருந்து அங்கே போய் நிற்பவர் வேறெங்கும் வேலை அமையாதவர். ஒரு பக்கத்தின் நுனிக்கிளையையும் மறு பக்கத்தின் அடிக்கிளையையும் ஒப்பிடுகிறோம். அடுத்து, அந்த விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. வேலையை விட்டால் பெரும்பாலும் ஊருக்குத்தான் போக வேண்டியிருந்தது. உள்ளூர்க்காரரோ இரண்டாம் நாளே கூரைக்கடியில் நிற்கும் ஒரு கிடங்கு வேலைக்கு மாறிக்கொள்ளலாம்.

மூன்றாவது காரணத்தைப் பொருளாதார அறிஞர் மைக்கேல் பியோரி 1979-லேயே விளக்கிவிட்டார். தற்காலிகமாக வருபவருக்கு மானமும் மதிப்பும் சொந்த ஊரில் இருக்கின்றன; வந்த இடத்தில் அவர் காண்பது காசு மட்டும். எனவே இழிவென்று உள்ளூரார் ஒதுக்கும் வேலை அவரை உறுத்தாது. அதே ஆள் குடும்பத்தோடு தங்கிவிட்டால் அளவுகோல் மாறிவிடும். அவர் பிள்ளைகள் அந்த வேலையைத் தொட மாட்டார்கள். இரத்தத்தில் ஊறிய குணமாக இருந்தால் ஒரே தலைமுறையில் எப்படிக் கரையும்?

நேராக அளந்த ஆய்வும் இருக்கிறது. பிரிட்டனில் ஒரு பழப் பண்ணை. பறிப்பவர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பருவ வேலைக்கு வந்தவர்கள். முதலில் ஒருவருடைய கூலி, அன்றைய குழுவின் சராசரியோடு ஒப்பிட்டு நிர்ணயிக்கப்பட்டது. ஒருவர் வேகமாகப் பறித்தால் சராசரி ஏறும், மற்ற எல்லோருடைய கூலியும் இறங்கும். பருவத்தின் நடுவில் இதைக் கைவிட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டுக்கு மாற்றினார்கள். ஒருவர் ஒரு மணி நேரத்தில் பறிக்கும் அளவு குறைந்தது 50% கூடியது. ஆட்கள் அவர்களேதான், பண்ணையும் அதேதான். பாண்டியேரா, பாரங்கே, ரசூல் மூவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இது. இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம்: பக்கத்தில் பறிப்பவரைப் பார்க்க முடியாதபடி செடி உயரமாக இருந்த இடங்களில், பழைய முறையிலும் யாரும் கையை அடக்கிக்கொள்ளவில்லை. நண்பன் பார்க்கிறான் என்ற இடத்தில்தான் அடக்கினார்கள்.

பதில்: கணக்குப்பிள்ளை

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். 1980 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, கியூபாவின் மரியல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் படகுகளில் அமெரிக்கா வந்தார்கள். மியாமியின் உழைப்பாளர் தொகை சில மாதங்களில் ஏறத்தாழ 7% பெருகியது. பொருளாதார அறிஞர் டேவிட் கார்டு 1990-இல் மியாமியை அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ், டாம்பா நகரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அடிமட்டக் கூலியில் குறிப்பிடத்தக்க விளைவு இல்லை என்றார். இன்னொரு பொருளாதார அறிஞர் ஜார்ஜ் போர்ஹாஸ் அதே நிகழ்வை மீண்டும் கிளறி, பள்ளிப் படிப்பை முடிக்காத, லத்தீன் வம்சாவளி அல்லாத ஆண்களின் கூலி 10 முதல் 30% வரை விழுந்தது என்று 2017-இல் வெளியிட்டார்.

இரண்டு பேரும் திறமைசாலிகள். வேறுபாடு எங்கே? போர்ஹாஸ் எடுத்துக்கொண்ட குழுவில், ஆண்டுக்கு மியாமியிலிருந்து கணக்கில் வந்தவர்கள் இருபது பேர் அளவில்தான். போதாக்குறைக்கு, அதே சமயத்தில் கணக்கெடுப்பில் கறுப்பின ஆண்களின் பங்கு கூடியிருந்ததை கிளெமென்ஸும் ஜெனிஃபர் ஹன்ட்டும் காட்டினார்கள். கறுப்பின ஆண்களின் சராசரிக் கூலி ஏற்கெனவே குறைவு. ஆகவே யாருடைய கூலியும் குறையாமலே குழுவின் சராசரி இறங்கியிருக்கலாம். எந்த ஆய்வைப் படித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: முன்னும் பின்னும் எண்ணப்பட்டவர்கள் ஒரே மாதிரி ஆட்களா?

அதற்காக "ஒன்றுமே நடக்காது" என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்க மாட்டேன். 1991-இல் செக் நாட்டவர் ஜெர்மனியின் எல்லை மாவட்டங்களில் வேலை செய்யலாம், ஆனால் குடியிருக்கக் கூடாது என்று ஓர் ஏற்பாடு வந்தது. டஸ்ட்மன் குழுவினர் அதை ஆராய்ந்தார்கள். உள்ளூர்க் கூலி கொஞ்சம்தான் இறங்கியது. உள்ளூர்க்காரருக்குக் கிடைத்த வேலைகள் கணிசமாகக் குறைந்தன. இருந்தவர்களை வெளியேற்றியதைவிட, புதிதாக ஆள் எடுப்பதைக் குறைத்ததே பெரிய பங்கு. கூலியை மட்டும் பார்த்தால் இந்த அடி கண்ணில் படாது. வந்தவர்கள் மாலையில் எல்லை தாண்டிப் போய்விடுவதால், வாடகையும் மளிகையும் செக் பக்கத்தில்தான். உள்ளூரில் புதிய தேவை பிறக்கவில்லை.

டென்மார்க்கில் நேரெதிர். 1986 முதல் 1998 வரை அகதிகளை நாடு முழுவதும் பிரித்துக் குடியமர்த்தினார்கள். நாளடைவில், படிப்புக் குறைந்த உள்ளூர்க்காரர்கள் உடலுழைப்பு குறைந்த வேலைகளுக்கு நகர்ந்தார்கள், கூலியும் ஏறியது. அங்கே ஆட்கள் ஊர்களில் தங்கினார்கள், மாறிக்கொள்ள வருடக்கணக்கில் அவகாசம் இருந்தது, வேலை மாறுவதும் எளிது.

ஒன்றை மறந்துவிடுகிறோம். புதிதாக வருபவரோடு மிக நெருக்கமாகப் போட்டியிடுபவர், சில ஆண்டுகளுக்கு முன் அதே வழியில் வந்தவர். முதல் அடி பெரும்பாலும் அவருக்குத்தான்.

வரப்பு

மிக்க நன்றி. மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறது. நிறுத்தினால் என்ன ஆகும்?

ஏர்முனை

நிறுத்திப் பார்த்த நாடு இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து பண்ணையாட்களைத் தருவிக்கும் பிராசெரோ திட்டம் 1942 முதல் 1964 வரை அமெரிக்காவில் நடந்தது. உள்ளூர்க் கூலி உயரும் என்று சொல்லித்தான் மூடினார்கள். கிளெமென்ஸ், லூயிஸ், போஸ்டல் மூவரும் மாநிலவாரியாகக் கணக்குப் பார்த்தார்கள். பிராசெரோக்கள் நிறைய இருந்த மாநிலங்களிலும் அறவே இல்லாத மாநிலங்களிலும் கூலி கிட்டத்தட்ட ஒரே போக்கில்தான் போனது.

காரணம், வெளி ஆளை எடுப்பது, உள்ளூராருக்குக் கூலியை ஏற்றுவது என்ற இரண்டையும் விட்டால் முதலாளிக்கு மூன்றாவது வழி இருந்தது: இயந்திரம். கலிஃபோர்னியாவில் தக்காளி அறுவடை இயந்திரம் ஏற்கெனவே உருவாகியிருந்தது. ஒரே சமயத்தில் பழுக்கிற, அடி தாங்குகிற ரகத்தை டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹன்னா அதற்காகவே உருவாக்கியிருந்தார். ஆள் வரத்து நின்றதும் சில ஆண்டுகளில் பதப்படுத்தும் தக்காளி முழுக்க இயந்திரத்துக்குப் போய்விட்டது. ஸ்ட்ராபெரி, அஸ்பாரகஸ் போல இயந்திரம் இல்லாத பயிர்களில் விளைச்சலே குறைந்தது. எனவே எந்த வேலையைப் பற்றிப் பேசினாலும், அதை இயந்திரம் செய்யுமா, வேறிடத்துக்கு நகர்த்த முடியுமா என்று முதலில் கேளுங்கள். முதியவரைக் குளிப்பாட்டும் வேலையை இயந்திரத்திடமும் விட முடியாது, வேறிடத்துக்கும் நகர்த்த முடியாது. அங்கே பதில் வேறாக இருக்கும்.

பதில்: தராசு

மேலே பீஸ் ரேட்டைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பீஸ் ரேட் நிர்ணயிக்க ஒரு விதி உண்டு. சராசரித் தொழிலாளி மணிக்கு எத்தனை செய்கிறார் என்று சோதித்து, அதை 1.2-ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 24 பெட்டி என்றால் 20. மணிக்கான குறைந்தபட்சக் கூலியை 20-ஆல் வகுத்தால் ஒரு பெட்டிக்கான கூலி. சராசரியைவிடச் சற்றுத் தாமதமானவருக்கும் குறைந்தபட்சம் கிடைக்கட்டும் என்பதற்குத்தான் அந்த 1.2. தவறு நடப்பது சோதனையில். கைதேர்ந்தவர்களை மட்டும் வைத்து, காய்ப்பு உச்சத்தில் இருக்கும் வரிசையில் சோதித்தால் எண் எகிறிவிடும். காலிப் பெட்டிக்குக் காத்திருக்கும் நேரமும், ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போகும் நேரமும் கணக்கில் வராமல் போவது இன்னொரு திருட்டு.

"வந்தவர் கம்மிக்கு ஒத்துக்கொள்கிறார்" என்ற பேச்சே எனக்கு வலிக்கிறது. ஒத்துக்கொள்ள வைக்கப்படுகிறார். ஏஜென்டுக்குக் கட்டிய கடனை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதச் சம்பளத்தைக் கட்டணமாகக் கொடுத்து 24 மாத ஒப்பந்தத்தில் போகிறவருக்கு, வட்டியை விட்டாலும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. தாளில் மாதம் 100 என்றால் கையில் 67. ஓவர்டைம் தனியாகத் தராத இடத்தில் 26 நாள், தினம் பத்து மணி என்றால் 260 மணி நேரம். பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரர் அதே 100-க்கு, தினம் எட்டு மணி வீதம், 208 மணி. வந்தவரின் மணிக்கூலி உள்ளூர்க்காரருடையதில் பாதியைச் சற்றே தாண்டும். தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆம் உடன்படிக்கை 1997-லேயே சொல்லிவிட்டது. ஏற்றுக்கொண்ட நாடுகள்தான் குறைவு.

மாற்றத்துக்குச் சான்று ஐக்கிய அரபு அமீரகம். ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமல் வேறிடத்தில் சேர முடியாத நிலை இருந்தது. 2011 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களின் சம்பளம் 10%-க்கு மேல் ஏறியது. வேடிக்கை என்னவென்றால், பழைய முதலாளியிடமே தங்கியவர்களின் எண்ணிக்கை கூடியது. போய்விடுவாரோ என்ற பயத்திலேயே சம்பளத்தை ஏற்றிவிட்டார்கள். நாயுடு, நியார்கோ, வாங் செய்த ஆய்வு இது. புதிதாக வரவழைக்கப்படுபவர்களின் எண்ணிக்கையும் தொடக்கச் சம்பளமும் கொஞ்சம் இறங்கின என்பதையும் அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

வந்தவருக்கு வேலை மாறும் உரிமை இருந்தால், உள்ளூர்க்காரரின் பேரமும் வலுக்கும். கட்டிப்போட்ட ஆள் பக்கத்தில் இருக்கும்வரை முதலாளி யாருக்கும் ஏற்ற மாட்டார்.

கணக்குப்பிள்ளை

தராசு சொன்னதை ஏற்கிறேன், ஒரு சேர்க்கையோடு. உரிமை இருந்தும், நடுவில் காண்ட்ராக்டர் நின்றால் யார் முதலாளி என்றே தெரியாது. 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கிய சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இரவில் ஏறிய கடலில் மாண்டார்கள். விவசாயத்துக்கும் சிப்பி சேகரிப்புக்கும் ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர்கள் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் அதே ஆண்டில்தான் நிறைவேறியது.

வரப்பு, ஒரு குறிப்பிட்ட தொழிலில் உண்மை நிலவரம் தெரிய வேண்டுமானால் சம்பளச் சீட்டோடு நிற்காதீர்கள். சீட்டை யாரும் அழகாக அடித்துத் தரலாம். வந்துபோன நேரப் பதிவை வாங்குங்கள். பிடித்தங்கள் எதற்கு, எந்த விலையில் என்று வரிவரியாகப் பாருங்கள். பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். நேரப் பதிவே இல்லை என்றால், அங்கே சொல்லப்படும் மணிக்கூலி எதையும் நம்ப வேண்டாம்.