முகாமில் படித்த பிள்ளைகளை வேலைக்கு எடுக்கக் கல்லூரி வழியாகப் போகலாமா?

சேதராப்பட்டு பட்டறை:
வணக்கம். சேதராப்பட்டில் சின்னதாக ஒரு உதிரிபாக கம்பெனி நடத்துகிறேன். கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து எங்களுக்குப் பெயின்ட் அடிக்க வந்த தம்பி ஒருவர் பி.காம். முடித்தவர். இன்டர்வியூ எல்லாம் தேறினேன், கடைசியில் பாஸ்போர்ட் கேட்டார்கள், அதோடு சரி என்றார். மனசு கேட்கவில்லை. கணக்குப் பிரிவிலும் தர ஆய்விலும் ஒன்றிரண்டு பேரை எடுக்க ஆசை. நேராக முகாமில் போய்க் கேட்பதா, கல்லூரி மூலமாகவா? சட்டச் சிக்கல் வருமா?

குறிஞ்சிப்பாடி பெண்:
கல்லூரி மூலமாகவே போங்க சார். முகாமுக்குள் வெளியாள் வர அனுமதி வாங்க வேண்டும், அதிலேயே நாள் ஓடிவிடும். நான் முகாமில் வளர்ந்தவள். படிக்க உதவி இருக்கிறது, 2021-இல் தமிழக அரசு அறிவித்த 317 கோடி ரூபாய் திட்டத்தில் உதவித்தொகையை உயர்த்தினார்கள், பொறியியலில் மதிப்பெண்படி முதல் 50 பேருக்குக் கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும் என்றார்கள். முட்டுவதெல்லாம் படித்து முடித்த பிறகுதான். ஆதார் உண்டு, வங்கிக் கணக்கு உண்டு, ஆனாலும் குடியுரிமைக் கட்டத்தில் இலங்கை என்று எழுதியதும் பேச்சு மாறிவிடுகிறது. நான் இலங்கையைப் பார்த்ததே இல்லை.
இன்னொன்று, செக்கிங் நாளில், அதாவது அதிகாரிகள் முகாமில் ஆள் சரிபார்க்கும் நாளில், நாங்கள் அங்கே இருந்தாக வேண்டும். அன்றைக்கு லீவு கொடுங்க. வெளியூர் டிரெய்னிங் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்க.

கடலூர் எச்.ஆர்.:
1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை, அதனால்தான் கம்பெனிகள் பயப்படுகின்றன. ஆனால் 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு கொடுத்திருக்கிறது. குடியுரிமை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை, ஆனாலும் உங்கள் வக்கீலிடம் அந்த ஆணையைக் காட்டிப் பேசலாம். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) விஷயத்தில் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு விதி வேறு, ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

காலாப்பட்டு வாத்தியார்:
புதுவைப் பல்கலைக்கழகத்திலிருந்து கீழ்ப்புத்துப்பட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம்தான். ஆனால் முகாம் விழுப்புரம் மாவட்டம், பல்கலைக்கழகம் மத்திய அரசு, உங்கள் கம்பெனி புதுச்சேரி, யார் யாரைக் கூப்பிடுவது என்பதிலேயே காரியம் நின்றுபோகிறது. ஐ.நா. அகதிகள் ஆணையம் ஜெர்மனி உதவியோடு 1992 முதல் உயர்கல்வி உதவித்தொகை தருகிறது, 2030-க்குள் அகதி இளைஞர்களில் 15 சதவீதம் பேர் உயர்கல்வியில் இருக்க வேண்டும் என்று இலக்கும் வைத்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் பட்டம் வாங்கியவர் மறுநாள் பெயின்ட் வாளியைத் தூக்கினால் அந்தச் சதவீதத்தால் அவருக்கு என்ன லாபம்? அதனால் மூன்றாம் வருஷத்திலேயே இன்டர்ன்ஷிப்புக்கு எடுங்கள், கம்பெனி தரும் உதவித்தொகையோடு. என்னென்ன ஆவணம் கட்டாயம் என்று கல்லூரி பிளேஸ்மென்ட் பிரிவுக்கு இன்டர்வியூவுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள், பாஸ்போர்ட் தேவையில்லை என்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள். தேறிய பிறகு திருப்பி அனுப்புவதுதான் பிள்ளைகளை உடைக்கிறது.

சேதராப்பட்டு பட்டறை:
ரொம்ப நன்றி சார், நன்றி தங்கச்சி. பெண்கள் ஷிப்டுக்கு வருவார்களா?

குறிஞ்சிப்பாடி பெண்:
பகல் ஷிப்ட், கம்பெனி வேன் இருந்தால் கண்டிப்பாக வருவார்கள் அண்ணா. வேன் முகாம் வாசல் வரை வரட்டும்.