புதுப்பிப்பு: மணலில் டயர் காற்றைக் குறைத்துப் பார்த்தேன்

போன வாரம் கேட்டிருந்தேன்: துபாய்–ஹத்தா சாலையோர பிக் ரெட் மணல்மேட்டில் வண்டி அச்சு வரை புதைந்துவிட்டது, டயரில் காற்றழுத்தம் 35 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) இருந்தது, எவ்வளவு குறைக்கலாம் என்று. பெரும்பாலோர் 15 என்றீர்கள். நேற்று காலை அதே இடத்துக்குப் போனேன்.

ஓடி வந்த சூட்டில் மீட்டர் 38 காட்டியது. அப்போதே 15க்கு இறக்கினால் ஆறியதும் இன்னும் குறையும் என்பதால் 17இல் நிறுத்தினேன். வால்வு ஊசியைச் சாவி முனையால் அழுத்திப் பிடித்ததில் விரல் வலித்ததுதான் மிச்சம். காற்று இறக்கும் கருவி ஒன்று வாங்க வேண்டும்.

அப்புறம் மணலில் கொஞ்சம் ஓட்டிவிட்டு, இறங்கித் தடத்தைப் பார்த்தேன். முன்பு வாய்க்கால் போல வெட்டிய இடத்தில் இப்போது டயர்ப் பூக்களின் (மேற்பரப்பு வரிப்பள்ளங்களின்) அச்சு அப்படியே மேலாகப் படிந்திருந்தது. டயர் அகலமாவதால்தான் மிதக்கிறது என்று நினைத்திருந்தேன். அகலம் கொஞ்சம்தான் கூடுகிறது, மண்ணில் படியும் நீளம்தான் நன்றாகக் கூடுகிறது. போன முறை புதைந்த ஏற்றத்தில் இரண்டாவது கியரிலேயே ஏறிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்!

ஆனால் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள். நண்பரின் முன் டயர் சரிவில் ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டது. ஜாக் மணலில் இறங்கிக்கொண்டே போனது; அடியில் வைக்கப் பலகை இல்லாமல் ஒரு மணி நேரம் தவித்தோம்.

திரும்பும்போது தார்ச்சாலை ஏறும் முன்பே கம்ப்ரசரில் 35க்கு ஏற்றிக்கொண்டோம். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கலாம்.